கடைத்தெருவின் பின்னறை

எங்கள் பழைய தெருக்காரரின் இணையக் குழுவில் நீங்கள் போடும் படங்களை எல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேக்கரிக் கண்ணாடிக்குள் அடுக்கிய பாண், சப்பாத்துக் கடையில் கால் அளக்கும் இரும்புத் தட்டு, தபாற்கந்தோருக்கு முன்னால் நின்ற சிவப்புப் பெட்டி. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து அப்பாவின் கடைக்கு ஓடிவந்து வடை தின்றதை ஒருவர் எழுதினால் அதற்குக் கீழே இன்னும் பத்துப் பேர் உருகுகிறீர்கள். அந்தக் காலத்தில் தெருவில் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தோமாம். இப்போது பந்தயக் கடையும் நகம் பூசும் கடையும்தான் மிச்சமாம்.

எங்களுக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் பழைய தெரு இனிக்கத்தான் செய்யும். கவுன்சிலும் இப்போது அதே இனிப்பைத்தான் கிண்டுகிறது. தெருவைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று வேலியில் பலகை கட்டி, கறுப்பு இரும்பில் வளைவு வைத்த விளக்குக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அங்கே நின்றவை சாம்பல் நிறக் கொங்கிறீற் கம்பங்கள். அவற்றின் வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் காமாலை வந்ததுபோல் இருக்கும். உங்களுக்கு மறந்துவிட்டதா?

தெருவில் முதல் தமிழ்க் கடை நடத்தியவரின் மகள் என்பதால் குழு போடப்போகும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அப்பா இருக்கும்வரை என்னால் எழுதியிருக்க முடியாது. இந்த மாசியில் அவர் போய்விட்டார். ஆகவே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. வடையைப் பற்றியும் அதிகம் இருக்காது.

எனக்குப் பத்து வயது நடந்த குளிர்காலம் அது. லண்டனில் ஹவுன்ஸ்லோப் பக்கம் எங்கள் ஆட்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா முன்னமே வந்து பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து, பிறகு அந்தத் தெருவில் பழைய சைக்கிள் கடை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். சைக்கிள் எண்ணெய் மணத்துக்கு மேலே கருவாட்டு மணமும் மிளகாய்த்தூள் மணமும் ஏறிக்கொண்டன. விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும்போது தட்டிலிருந்த போத்தல்கள் ஒன்றோடு ஒன்று மெல்ல இடித்துக்கொள்ளும்.

எதிரே இருந்த இறைச்சிக் கடைக்காரர் அப்பாவைக் கண்டால் தெருவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும்படி "ராஜா!" என்று கூப்பிடுவார். அவருடைய வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அப்பா கையை உயர்த்திக் காட்டுவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவன் என்னை ராஜா எண்டுதானப்பா கூப்பிடுறவன். மரியாதை தெரிஞ்ச சனம்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பேக்கரியில் அம்மா வரிசையில் நிற்பார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பாணை வாங்கிக்கொண்டு போவார்கள். "இஞ்ச வயசுபோன ஆக்களுக்குத்தான் முதல் குடுப்பினம் பிள்ளை" என்று அம்மா எனக்கு விளங்கப்படுத்தினார். பின்னால் வந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். பத்து வயதில் அதைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று விளங்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குத் தெரு முழுக்க நிற விளக்குக் கட்டினார்கள். அதற்கு அப்பாவும் பங்கு கொடுத்திருந்தார். விளக்குச் சரம் எங்களுக்குப் பக்கத்துக் கடையோடு நின்றுவிட்டது. "வயர் நீளம் காணாமப் போயிருக்கும்" என்றார் அப்பா. உங்களில் ஒருவர் போன கிழமை போட்ட படத்தில் அந்த விளக்குச் சரம் அழகாகத் தெரிகிறது. அது நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு. அந்தக் கறுப்புத்தான் எங்கள் கடை.

பக்கத்துக் கடை கம்பளி நூல் கடை. அதை நடத்தியவரை நீங்கள் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். மெலிந்த, நெட்டையான மனுசி. கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி. குழுவில் அவருடைய படம் வந்தபோது 'துவேசம் பிடித்த நூல்கடைக்காரி' என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் சிரிக்கும் முகங்களைப் போட்டீர்கள். நீங்கள் அவள் என்கிறீர்கள். நான் அவர் என்று எழுதுகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அவர் இனிமையான ஆள் என்று நான் சொல்லவரவில்லை. கருவாட்டு மணம் தன்னுடைய நூல்களில் ஏறுகிறது என்று கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தவர் அவர்தான். ஓர் அதிகாரி வந்து குளிர்பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, தரையில் மண்டியிட்டு எலிப் புழுக்கை தேடிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது ஆறவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் 'கவுன்சில்காரி'.

இலை கொட்டி முடிகிற நேரத்தில் கடைக்கு அண்ணை வந்து சேர்ந்தார். கடை அண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அகதி என்று பதிந்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர். வேலை செய்ய அனுமதி இல்லை, தங்க இடமும் இல்லை. அப்பா கடையின் பின்னறையைக் கொடுத்தார். மூட்டைகள் அடுக்கிய அறை அது. ஒரு பக்கம் பின்முற்றத்தைப் பார்த்த யன்னல், ஒரு பக்கம் முந்திய சைக்கிள் கடைக்காரர் விட்டுப்போன காஸ் ஹீற்றர். அரிசி மூட்டைகளுக்கு நடுவே மெத்தை. அப்பா அதை உதவி என்றே நினைத்தார். உதவியும்தான். சனம் அப்பாவைப் புகழ்ந்தது. ஆனால் விடியற்காலையில் மூட்டை இறக்கவும் பின்னேரம் கடை கழுவவும் ஆள் உள்ளேயே இருந்தது அப்பாவுக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

அண்ணை குளிருக்குப் பழகவேயில்லை. இரண்டு காற்சட்டையை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு நிற்பார். அம்மா மதியச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து திறந்தால் சாப்பிட முதல் ஆவியில் கையைப் பிடிப்பார். விமானம் ஒவ்வொன்றும் போகும்போது வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "இதுக்குள்ள இருக்கிற ஆக்களுக்குச் சுடச்சுடக் கோப்பி குடுத்துக்கொண்டிருப்பினம், என்ன பிள்ளை?" என்று கேட்பார். அவருக்கு அந்தப் பறப்பில் கோப்பி மட்டும்தான் தெரிந்தது.

நத்தார் கிட்ட வர, தெருக் கடைகள் கண்ணாடிகளைச் சோடித்தன. எங்கள் கடையையும் சோடிக்கவேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. ஒரு மதியம் அப்பா சந்தைக்குப் போன நேரம், அண்ணை ரவைப் பொதியைப் பிரித்துக் கண்ணாடிக்குள் கொட்டிப் பனி ஆக்கினார். முருங்கைக்காய்களை நட்டு வேலி போட்டார். இரண்டு தேங்காயை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மனிதன் செய்தார். மனிதன் கறுப்பாக இருந்தான். பனி மனிதன் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன்.

கண்ணாடிக்கு வெளியே நூல்கடை மனுசி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை பயந்து போய் ரவையைக் கையால் மறைத்தார். அந்த மனுசி தன்னுடைய கடைக்குப் போய், ஓர் உருண்டை வெள்ளை நூலோடு திரும்பி வந்தார். தேங்காய்களில் அதைச் சுற்றச் சொன்னார். சுற்றி முடிந்ததும் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஆராய்ந்துவிட்டு, மூக்கில்லாமல் இதென்ன மனிதன் என்று கேட்டு, ஒரு துண்டு செம்மஞ்சள் நூலை முடிந்து மூக்காகக் குத்தினார். அண்ணை சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாளும் வந்து, சரிந்திருந்த மூக்கை நிமிர்த்திவிட்டுப் போனார். அப்பா ரவை வீணாய்ப் போனதற்கு ஏசினார். நூல் எங்கிருந்து வந்தது என்று அண்ணையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தை பிறந்த பிறகுதான் உண்மையான குளிர் வந்தது. முற்றத்துக் குழாய் உறைந்து வெடித்தது. பின்னறை யன்னலின் உட்பக்கத்தில் காலையில் பனி படிந்திருக்கும். ஒரு நாள் அண்ணையின் விரல்கள் நீலமாக இருந்ததை அம்மா கண்டுவிட்டு அப்பாவிடம் சண்டை பிடித்தார். "ஒருத்தி பெத்த பிள்ளையப்பா. இப்பிடிக் கிடந்து விறைக்கிறதோ?"

அப்பா உடனே செய்தார். அவர் நல்லவர் என்று நீங்கள் எழுதுவது பொய்யில்லை. பெட்டி ஒட்டும் அகலமான ரேப் வாங்கிவந்து யன்னலின் நாலு பக்கமும் ஒட்டினார். கதவின் அடியில் துணி சுருட்டி ஆணி அடித்தார். சுவரின் கீழே ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல் இருந்தது. குளிர்காற்று அதற்குள்ளால்தான் சீறிக்கொண்டு வந்தது. அரிசிச் சாக்கை மடித்து அதற்குள் திணித்து, மேலே மட்டையை வைத்து ஒட்டினார். நான் கத்தரிக்கோலோடு பக்கத்தில் நின்றேன். முடித்துவிட்டு ஹீற்றரைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "இனி உனக்கு யாழ்ப்பாண வெய்யில்தான்."

"இவ்வளவும் காணும் அண்ணை. இது சொர்க்கம்" என்றார் கடை அண்ணை.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் காற்று வராமல் தடுக்கவேண்டும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. ஆகவே காற்று வராவிட்டால் என்ன நடக்கும் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணைக்குத் தலையிடி தொடங்கியது. காலையில் முகம் சிவந்து, கண் சொருகிக்கொண்டு நிற்பார். சாப்பிட்டதைச் சத்தி எடுத்தார். அம்மா மல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தார். சாமான் வாங்க வந்த எங்கள் ஆள் ஒருவர் டொக்ரர். அவர் தராசுக்கு மேலாலேயே அண்ணையைப் பார்த்து, காய்ச்சல் ஒன்று பரவுகிறது என்று சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தார். வீட்டு யோசனை என்றார்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. அன்றைக்கு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு அடுத்த நாள் போவார். எங்கள் வீட்டில் அவருக்குத் தலையிடி இல்லை. என்னோடு கரம் பலகையில் காய் அடித்து விளையாடுவார்.

"ஞாயிறு சுகம், செவ்வாய் வருத்தம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "இதுக்கு மருந்து என்னட்ட இருக்கு. வேலைக் கள்ளம்."

எவ்வளவு கிட்ட வந்திருக்கிறார் பாருங்கள். எல்லாத் துண்டுகளும் அவர் கையில் இருந்தன.

பிறகு நூல்கடை மனுசி வந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கடையில் இருந்த பின்னேரம். உள்ளே வந்து, கருவாட்டு மணத்துக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு, அப்பாவிடம் கடகடவென்று பேசத் தொடங்கினார். அப்பாவுக்குத் தெரிந்தது வாசிக்கிற ஆங்கிலம். அவர் பேசியது அந்தத் தெருவின் ஆங்கிலம். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் சரியாகத்தான் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன். "அப்பா, சுவரில இருக்கிற ஓட்டைக் கல்லை அடைச்சுப் போட்டீங்களாம். அவ முற்றத்தில நிண்டு பாத்தவவாம். உள்ளுக்கு காஸ் எரியேக்க அதை அடைக்கக்கூடாதாம். அந்தப் பெடியனைச் சாகடிக்கப் போறீங்கள் எண்டு சொல்லுறா."

"ஆரைச் சாகடிக்கிறது?"

"அண்ணையை."

அப்பாவின் முகம் மாறியது. நான் சொன்னதில் அவருக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பின்னறையில் ஓர் ஆள் இருக்கிறது இவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நோ ப்ரொப்ளம், மடம்" என்றார் அப்பா. "தாங்க் யூ, மடம்."

நூல்கடை மனுசி இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாக, செவிடருக்குச் சொல்வதுபோல் மீண்டும் சொன்னார். வரிசையில் நின்ற எங்கள் சனம் திரும்பிப் பார்த்தது. அப்பா மீண்டும் தாங்க் யூ சொன்னார். அந்த மனுசி கையை விரித்துவிட்டுப் போனார். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

"கருவாட்டுக்கு வந்தவள் இப்ப ஆளுக்கு வந்திருக்கிறாள்" என்றார் அப்பா. "கவுன்சிலுக்குச் சொல்லி, அவங்கள் ஹோம் ஒபிசுக்குச் சொல்லி, உன்னைப் பிளேன் ஏத்தி ஊருக்கு அனுப்பி, என்ரை கடையையும் பூட்டத்தான் நிக்கிறாள்."

கடை அண்ணை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த மனுசி அப்பிடி ஆள் இல்லை அண்ணை."

"உனக்குத் தெரியாது. நீ நேற்று வந்தனி."

அன்றைக்கே யன்னலில் கறுத்தப் போர்வை ஒன்றை வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஆணி அடித்து மாட்டினார்கள். முற்றத்துப் பக்கம் தலை காட்டவேண்டாம் என்று அண்ணைக்குச் சொல்லப்பட்டது. அறை முன்னையைவிட இறுக்கமாகியது. அப்பாவை நான் எத்தனையோ தரம் மனதில் விசாரித்திருக்கிறேன். ராஜா என்று கூப்பிட்டவனின் கேலி அவருக்கு மரியாதையாகக் கேட்டது. காப்பாற்ற வந்தவரின் சொல் மிரட்டலாகக் கேட்டது. அந்தத் தெரு எங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தது. ஆனால் தெருவின் மேல் முழுப் பழியையும் போட்டுவிடவும் எனக்கு மனமில்லை.

ஒரு சனிக்கிழமை கடை திறக்கவில்லை. உங்களில் சிலருக்கு அன்றைக்கு வடை கிடைக்காத ஞாபகம் இருக்கலாம். சந்தையிலிருந்து மரக்கறியோடு வரும்போது அப்பா என்னையும் வகுப்புக்கு விடுவதற்காகக் கூட்டி வந்திருந்தார். இரும்புக் கதவு இறங்கியபடி இருந்தது. அப்பா தட்டினார், ஏசினார், பிறகு பின் ஒழுங்கை வழியால் போனார். நான் வாகனத்திலிருந்து இறங்கி முற்றத்துப் படலைவரை பின்னாலேயே போனேன்.

அப்பா கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். அந்தக் குளிருக்குள் உள்ளிருந்து வந்த சூடு படலையில் நின்ற என் முகத்தில் பட்டது. அப்பா கூப்பிட்ட சத்தம் கேட்டது. ஒரு தரம் பெயர் சொல்லி, பிறகு "தம்பி, தம்பி" என்று. பிறகு சத்தம் இல்லை.

இருமிக்கொண்டு வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தொலைபேசிக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவர் மீண்டும் உள்ளே போனார். மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து மூலையில் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டார். அண்ணையின் சூட்கேஸ் வந்தது. கறுத்தப் போர்வையும் யன்னலில் ஒட்டிய ரேப்பும் வந்தன. பிறகு சுவரோடு குந்தி, அந்தக் கல்லிலிருந்து மட்டையைக் கிழித்து, அரிசிச் சாக்கை இழுத்தெடுத்தார். ரேப் அவருடைய கையில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. உதறினார், உதறினார். அழுதுகொண்டேதான் செய்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அப்பா கதவைத் திறந்தபோது அண்ணை எப்போதோ போய்விட்டார் என்று அம்மா பிற்காலத்தில் எனக்குச் சொன்னார். உடம்பு விறைத்திருந்ததாம். நான் அதை நம்புகிறேன். நம்பாமல் இந்தக் குடும்பத்தில் நான் எப்படி இருப்பது?

நிமிர்ந்தபோது மேலே நூல்கடையின் பின் யன்னலில் அவர் நிற்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா பொலிசுக்குச் சொன்னது இதுதான்: ஆள் இங்கே தங்குவதில்லை, விடியற்காலையில் உதவிக்கு வந்தவர், களைப்பில் ஹீற்றரைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்திருக்கவேண்டும். நூல்கடை மனுசி தான் கண்டதை எல்லாம் சொன்னார். அடைத்த கல், ஒட்டிய யன்னல், வெளியே வந்த மெத்தை. அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. கருவாட்டுக்கும் குப்பைக்கும் எங்கள் வாடிக்கையாளர் வாகனம் நிறுத்தியதற்கும் முன்பு அவர் போட்ட முறைப்பாடுகள் அவருக்கு முன்னால் வந்து நின்றன. பக்கத்துக் கடையோடு சண்டை கொழுவுகிற கிழவி என்று நினைத்துவிட்டார்கள். பழைய ஹீற்றர், மணமில்லாத நச்சுவாயு, விபத்து என்று மரண விசாரணை முடிந்தது.

எங்கள் சனத்துக்கு வேறு கதை சொல்லப்பட்டது. மாரடைப்பு. ஊருக்கும் அதுதான் போனது. அப்பா முன்னுக்கு நின்று நல்லபடியாகக் கிரியை செய்தார். ஹைகேற் முருகன் கோயிலில் அண்ணையின் பெயரில் அர்ச்சனை செய்தார். கடை மீண்டும் திறந்தது. அறைக்கு வெள்ளை அடித்துக் குளிர்பெட்டி வைத்தார்கள்.

நூல்கடை மனுசிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகமா? கடைக்காரரை மாட்டிவிடப் பொலிசுக்குப் போனவள் என்று கதை பரவியது. பிள்ளைகளுக்குச் சுவெற்றர் பின்ன அவரிடம் நூல் வாங்கிய உங்கள் அம்மாமார் போவதை நிறுத்தினார்கள். அவருடைய கதவின் தபால் துவாரத்துக்குள் யாரோ அழுகிய மீன் போட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். அப்போது நீங்களும் பிள்ளைகள். பெரியவர்கள் பேசியதைக் கேட்டுச் செய்தீர்கள்.

கோடை வர அவர் கடையை மூடினார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த அன்று நான் வாசலில் நின்றேன். என்னைக் கிட்ட வரச் சொல்லி, அந்தப் பெடியனின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அது வாயில் வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். பிழையாகச் சொன்னார், நான் திருத்தினேன், மீண்டும் பிழைத்தது. சரியாக வரும்வரை விடவில்லை. வந்ததும் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். வெள்ளைக்காரரின் கடைகளில் அண்ணையின் பெயரைக் கேட்ட ஆள் அந்த மனுசி ஒருவர்தான்.

நடுச்சுவரை இடித்து அப்பா அந்தக் கடையையும் எடுத்துக்கொண்டார். நீங்கள் உருகி உருகி எழுதுகிற மரக்கறிப் பகுதி, ஊர்ச் சந்தைபோல் இருந்தது என்கிறீர்களே, அது நூல்கடை.

அப்பா அதற்குப் பிறகு வசதியாக வாழ்ந்தார். கோயிலுக்குக் கொடுத்தார், வந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். யாரையும் கடையில் தங்கவிடவில்லை. எங்கள் வீட்டு யன்னல்களை எந்தக் குளிரிலும் முழுதாகச் சாத்தவிடமாட்டார். அம்மா கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு சமைப்பார். அந்த நாளைப் பற்றி அப்பா என்னோடு ஒரு சொல்லும் பேசியதில்லை.

கடை அண்ணைக்கு ஒரு தம்பி. பிரான்சில் பல காலம் இருந்து, பிறகு குடும்பமாக இங்கே வந்தவர். அவருக்கு அதே தெருவில் சாப்பாட்டுக் கடை எடுத்துக் கொடுக்க ஓடித்திரிந்தவர் அப்பா. அவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். ஆகவே இதை உங்களுக்கு அனுப்ப முதல் அவரிடம் போனேன். மதியச் சனம் ஓய்ந்த நேரம். கொத்து ரொட்டித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தங்கச்சி. குடிக்கப் பிளேன்ரீ போடட்டோ?"

"இருங்கோ அண்ணை. ஒண்டு சொல்லவேணும்."

இங்கே எழுதியபடியே சொன்னேன். இடையில் ஒரு பெண் வந்து றோல்ஸ் கேட்டாள். சூடாக்கி, சுற்றி, நன்றி சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, மிச்சத்தையும் கேட்டார்.

"ஏன் இப்ப சொல்லுறீங்கள்?"

"உங்கட அண்ணை மாரடைப்பில காலமானவர் எண்டு மலரில போடப்போகினம். அதை நான் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"உங்கட அப்பா எனக்குத் தகப்பன் ஸ்தானத்தில நிண்டு கலியாணம் செய்து வைச்சவர்."

"ஓம் அண்ணை."

"ஒவ்வொரு திவசத்துக்கும் வந்து இந்தக் கதிரையில இருப்பார். ஒண்டும் கதையார். நான் அதைப் பாசம் எண்டு நினைச்சன்."

"பாசமும்தான்."

அவர் சுரண்டியைத் தட்டில் எறிந்தார். பெரிய சத்தம். உள்ளேயிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"எங்கட அம்மா என்ன சொல்லிச் சொல்லிச் செத்தவ எண்டு தெரியுமோ? பிள்ளைக்கு நெஞ்சு பலமில்லாமப் போட்டுது, நான்தான் சின்னனில வடிவாச் சாப்பாடு குடுக்கேல்லை, என்ரை பிழை எண்டு. சாகும்வரைக்கும் அதைத்தான் சொன்னவ."

எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாமல் இருந்திருக்கவேண்டும். அல்லது தெரிந்திருக்கலாம்.

அவர் சுரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்ட குரல் வேறு.

"அவன் வீட்டுக்குக் கசற்றில பேசி அனுப்புவான். எல்லாக் கசற்றிலயும் முதல் கதை குளிர்தான். அம்மா, கை விறைக்குது, கால் விறைக்குது எண்டு. அண்டைக்கு அந்த அறை சூடா இருந்ததோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை" என்றேன். "நல்ல சூடு."

தலையை ஆட்டினார். ஏப்ரனைக் கழற்றாமலே போய், கடை வாசலை மறித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். நான் வெளியே போகவேண்டுமென்றால் அவர் விலகவேண்டும். விலகச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த ஆள் சாப்பாடு கேட்டு வரும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.